எண்ணிக்கை

மார்த்தாண்டத்தில் பஸ் மாறி
குலசேகரத்தில் இறங்கினேன். மழை.
மழையென்றால் மரம் வெட்டு இல்லை,
வெட்டு இல்லையென்றால் அவருக்கு நேரம் இருக்கும்
என்று டீக்கடையில் சொன்னார்கள்.
பையில் ஒப்பந்தம், பன்னிரண்டு பக்கம்.
"கண்ணீர் வரும் இடங்களைக் குறித்துக்கொண்டு வா"
என்று சொல்லி அனுப்பியிருந்தார் தயாரிப்பாளர்.

ரப்பர் ஷீட் வாங்கும் கடை.
புகையும் புளிப்புமாக ஒரு வாடை
சட்டைக்குள் ஏறி உட்கார்ந்தது.
தராசுக்குப் பின்னால், கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிவிட்டு,
ரோஸ்லெட் பாய்.
எழுபத்தெட்டில் வீட்டுக்கு வீடு காலண்டரில்
இரட்டைச் சடையோடு தொங்கிய
பேபி மஞ்சரி.

"படம் எடுக்கப் போறியளா? கொள்ளாம்.
அந்தச் சாக்க தள்ளி வச்சிற்று இரியுங்க."

கேட்க வேண்டியதைக் கேட்டேன்.
விலை சொல்வதுபோல் சொன்னார்.
சம்பளத்தைச் சித்தப்பா கொண்டுபோனது,
சாலிகிராமத்து வீடு போனது,
ஸ்கூல் பாதியில் நின்றது.
"ஒரே கொல்லத்தில நாலு இஞ்ச் வளந்தேன்.
பொறவு ஆரும் காரு அனுப்பல்ல."
அழவில்லை. பக்கத்து ஓரத்தில் நான்
எதையும் குறிக்கவில்லை.

அப்புறம் அந்த வசனம்.
காய்ச்சலில் கிடக்கும் குழந்தை சொல்லும்
"விளக்கை அணைக்காதீங்கப்பா."
கரண்ட் போகும்போதெல்லாம் என் அப்பா
அதே குரலில் சொல்லிக்காட்டுவார்.
"ஒரே ஒரு தடவை உங்கள் வாயால்" என்று
ரிக்கார்டரை நீட்டினேன்.

"அது நானில்ல பிள்ளே."

வெளக்க அணைக்காத அப்பா, பேடியா இருக்கு
என்றுதான் சொன்னாராம்.
செட்டு மொத்தமும் சிரித்ததாம்.
"இது எந்த ஊர்ப் பேச்சு" என்று கேட்ட டைரக்டர்
கடைசியில், நீ பேசவே வேண்டாம், எண்ணு,
உதடு அசைந்தால் போதும் என்றாராம்.

ஆக, ஜனம் முந்தானையில் முகம் துடைத்த அந்தக் காட்சியில்
ஏழு வயதுப் பெண் ஒருத்தி
ஒண்ணு ரெண்டு மூணு என்று
எண்ணிக்கொண்டிருந்தாள்.
"எட்டுக்கு வரும்போ எறும்பு கடிச்சு.
அந்தக் கண்ணீரு எறும்பு தந்தது."

குரல் அனசூயாவுடையது.
அப்போது முப்பத்துமூன்று வயது, இரண்டு பிள்ளைகள்.
பதினொரு படத்தில் இவருக்காக அழுதார்.
டைட்டிலில் ஒன்றில்கூடப் பேர் வரவில்லை.
நேரில் பார்த்தது இரண்டே தடவை.
போனில் மட்டும், ஞாயிறு தவறாமல்.

"இன்னைக்கி ஞாயிறில்ல. ஆனாலும் எடுப்பாவ."
ஸ்பீக்கரில் போட்டார்.

"ரோஸு, அங்க மழையா?"

எண்பது வயதுக் குரல். பல் போன காற்று.
அதற்கும் கீழே, அழியாமல், அந்தக் குழந்தை.
என் அப்பா செத்து நாலு வருஷம்.
இருட்டுக் கூடத்தில் அவர்
தீப்பெட்டி தேடுவது எனக்குக் கேட்டது.

அவர்கள் பிரஷர் மாத்திரை பற்றிப் பேசினார்கள்.
ரப்பர் கிலோ என்ன விலை என்று அந்தக் குரல் கேட்டது.
ஒரு ரூபாய் குறைந்ததற்கு வருத்தப்பட்டது.

போனை வைத்துவிட்டுச் சொன்னார்:
"எடுக்குதெங்கி அவியளுக்க கதைய எடுங்க.
நான் சும்மா வாய அசைக்கியேன்.
எனக்கு அது தெரியும்."

வெளியே நின்று தயாரிப்பாளரை அழைத்தேன்.
"டப்பிங்காரி கதையை யார் பார்ப்பா,
சித்தப்பா பகுதியை நீட்டு" என்றார்.
மழை விட்டிருந்தது.
பைக்கில் ஷீட் கட்டிக்கொண்டு ஒருவர் வந்தார்,
எஞ்சினை அணைக்காமலே இறக்கினார்.

அந்தச் சத்தத்தில் குரல் கேட்கவில்லை.
ஷீட்டுகளைப் புரட்டிப் புரட்டி
அவர் உதடு மட்டும் அசைந்தது.
அதே உதடு.
எட்டில் ஒரு கணம் நின்றது.

ஒன்பதாவது ஷீட்டில் ஓட்டை இருந்தது.
தனியாக எடுத்துப் போட்டார்,
பெஞ்சில் நான் வைத்துவிட்டுப் போயிருந்த
பன்னிரண்டு பக்கத்தின் மேல்.